சிவப்புச் சீட்டு கட்டிய கார்

அன்புள்ள மைத்துனருக்கு,

உன் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காவும் சௌக்கியமாக இருக்கிறோம் என்று எழுதுவது கடிதம் எழுதுகிறவனின் கடமை என்பதால் எழுதியிருக்கிறேன். உண்மை நிலவரம் கீழே வருகிறது. உன் உடம்பும், உன் மனைவி மக்களின் உடம்பும், கடல் தாண்டிப் போய் நீ பார்க்கிற உத்தியோகமும் நன்றாக இருக்கட்டும். அங்கே குளிர் ஜாஸ்தி என்று உன் அக்கா சொன்னாள். காதை மூடிக்கொள். ஆனால் இந்தக் கடிதத்தைப் படிக்கும்போது மட்டும் கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொள்.

விஷயம் உன் காரைப் பற்றியது. நீ புறப்பட்ட அன்று எங்கள் வாசலில் நின்று, ஏதோ ராஜ்யத்தையே எழுதிக் கொடுப்பவன் மாதிரி சாவியை என் கையில் வைத்து அழுத்தி, ஆறு மாதத்துக்கு வண்டி இங்கேயே இருக்கட்டும் அத்தான், அக்காவுக்குத்தான் நன்றாக ஓட்ட வருமே, உங்கள் கண் ஆபரேஷனுக்கு பஸ்ஸில் இடிபட்டுப் போக வேண்டாம், இதிலேயே ஜம்மென்று போய்விட்டு வாருங்கள் என்று சொன்னாய். எனக்கு ஓட்டத் தெரியாவிட்டாலும் ஒரு சாமானை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியும் என்பதால் சம்மதித்தேன். நமக்கு வாய்த்த மைத்துனன் நல்லவன் என்று அன்று ராத்திரி உன் அக்காவிடம் வாய்விட்டுச் சொல்லவும் செய்தேன். அந்த வார்த்தையை இப்போது வாபஸ் வாங்குகிறேன். துருப்பிடித்த வண்டியை அக்கா புருஷன் தலையில் கட்டிவிட்டு விமானம் ஏறுகிறவனுக்கு என்ன பெயர் என்று நீயே யோசித்துக்கொள்.

இரும்பைப் பற்றி என்னிடம் யாரும் கதை அளக்க முடியாது. உனக்குத் தெரியும், ஆனாலும் மறந்திருப்பாய், நீ எதைத்தான் மறக்கவில்லை. முப்பத்திரண்டு வருஷம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸைக் கட்டி ஆண்டவன் நான். உள்ளே வருகிற ஒவ்வொரு கம்பியும் ஒவ்வொரு தகடும் என் கண்ணைத் தாண்டித்தான் மிஷினுக்குப் போகும். சாமான் சரியில்லை என்றால் சிவப்புச் சீட்டில் காரணம் எழுதி நூலால் கட்டிவிடுவேன். அதற்கப்புறம் முதலாளியே வந்து கெஞ்சினாலும் என் கையெழுத்து இல்லாமல் அதை இம்மி நகர்த்த முடியாது. நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம்கூட, பதினெட்டு வருஷமாக எங்களுக்குக் கம்பி கொண்டுவந்த ஆசாமியின் சரக்கை மூன்று லாரி, ஒன்றன்பின் ஒன்றாகத் துரு என்று திருப்பி அனுப்பினேன். கம்பிக்காரர் என்றுதான் நாங்கள் அவரைக் கூப்பிடுவோம். மூன்றாவது லாரிக்கு அவரே நேரில் வந்து, குவியலுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, கட்டைவிரலால் கம்பியை இழுத்துத் தேய்த்து, விரலை என் முகத்துக்கு நேரே நீட்டி, "துரு இருந்தா விரல்ல ஒட்டணுமே சார், நல்லா பாருங்க சார்" என்று சொன்னார். நான் மசியவில்லை. ஒரு வழியாக அவர் எங்கள் பக்கம் வருவதே நின்றுபோயிற்று. எனக்கு நடந்த பிரிவு உபசாரத்தில் முதலாளி மேடையேறி, நம்ம ஸ்டோர்ஸ்காரர் கண்ணு பொய் சொல்லாது என்று சொல்லி மாலை போட்டார். அந்தக் கண்ணுக்கு முன்னால் துருப்பிடித்த வண்டியைக் கொண்டுவந்து நிறுத்த உனக்கு எவ்வளவு துணிச்சல் இருக்க வேண்டும்.

நீ போன மறுநாள், பாவம் வழியெல்லாம் புழுதி அடித்து வந்திருக்கிறதே என்று, ஒரு வாளித் தண்ணீரும் பழைய துண்டுமாக உன் வண்டியைக் குளிப்பாட்டினேன். உன் ஜன்மத்தில் நீ செய்திருக்க மாட்டாய். முன் சக்கரங்களின் இடுக்கில் கையை விட்டு, உள்ளே தட்டு மாதிரி சுழலுமே, பிரேக் டிஸ்க், அதைக்கூட விடவில்லை. மறுநாள் காலை பல் தேய்த்துக்கொண்டே போய்ப் பார்த்தால், இரண்டு டிஸ்க்கும் செங்கல் நிறத்தில் என்னைப் பார்த்து இளிக்கின்றன. அசல் துரு. வாயிலிருந்த நுரையை விழுங்கிவிட்டேன். உன் அக்காவைக் கூப்பிட்டேன். அவளும் பார்த்துவிட்டு, ஆமாம், துருதான் என்று ஒப்புக்கொண்டாள். இதைக் குறித்து வைத்துக்கொள், ஏனென்றால் அதன் பிறகு இந்தத் தெருவில் எவனும் எவளும் ஒப்புக்கொள்ளவில்லை.

மெக்கானிக் வந்தார். தெருமுனையில் பட்டறை வைத்திருக்கிறாரே அவர்தான். அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் 'ஓட்டுங்க சார்'. எந்த வியாதிக்கும் அவரிடம் ஒரே மருந்து. பேட்டரி இறங்கிவிட்டதா, ஓட்டுங்க சார். உள்ளே நாற்றம் அடிக்கிறதா, ஓட்டுங்க சார். சக்கரத்தை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, குனியக்கூட இல்லை, டிஸ்க் வெறும் இரும்பு சார், தண்ணி பட்டா ஒரே ராத்திரியில மேலாகத் துரு வரும், தெருவை ரெண்டு சுத்து சுத்தி நாலு தடவை பிரேக் அடிச்சா டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கற பேட் உரசியே எல்லாம் போயிடும், ஓட்டுங்க சார் என்றார். தேய்த்தால் போய்விடுமாம், அதுவும் வண்டியே தேய்த்துக்கொள்ளுமாம். அப்படியானால் முப்பத்திரண்டு வருஷம் நான் ஸ்டோர்ஸில் என்னத்தைக் கிழித்தேன். உன் அக்கா அவர் பேச்சைக் கேட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்க் கால் மணி நேரம் சுற்றிவிட்டு வந்தாள். இறங்கி எட்டிப் பார்த்துவிட்டு, துருவெல்லாம் போய் டம்ளர் மாதிரி பளபளவென்று ஆகிவிட்டதாகச் சொன்னாள். நானும் பார்த்தேன். செங்கல் நிறம் கொஞ்சம் குறைந்து பழுப்பாக இருந்தது, அவ்வளவுதான். துருவுக்கு வயசாகியிருந்ததே தவிரச் சாகவில்லை.

உன் அக்காவை நான் குறை சொல்லவில்லை. இப்போது உலகத்தில் எல்லாவற்றிலுமே தரம் போய்விட்டது, ஜனங்களும் அதற்குப் பழகிவிட்டார்கள். சோப்பு என்று ஒன்றை விற்கிறார்கள், அதில் துவைத்தால் என் வெள்ளைச் சட்டைகளெல்லாம் மஞ்சள் பூத்துவிடுகின்றன. தெரு விளக்கில் ஏதோ மட்டமான பல்பைப் போட்டிருக்கிறார்கள், ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு வளையம் தெரிகிறது. பேப்பர்காரன் மையில் தண்ணீர் கலந்து அச்சடிக்கிறான், தலைப்பைத் தவிர ஒரு வரி விளங்கவில்லை. பால்காரனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், பாலின் நிறமா அது. எதிர்வீட்டுத் தையல்காரர் என் வெள்ளைச் சட்டைக்குப் பழுப்பு நூலில் பொத்தான் தைத்துக் கொடுத்தார். என்னய்யா இது என்று கேட்டால், வெள்ளை நூல்தான் சார் என்று நூல்கண்டையே கொண்டுவந்து காட்டுகிறார். நூல்கண்டும் பழுப்பு. பழுப்பைக் காட்டி வெள்ளை என்று சாதிக்கிற அளவுக்குத் தையல்காரன் வந்துவிட்டபோது, துருவைக் காட்டிப் பளபளப்பு என்று மெக்கானிக் சொல்வதில் என்ன ஆச்சரியம்.

சரி, மற்றவர்களை நம்பிப் பிரயோஜனமில்லை என்று நானே இறங்கினேன். உப்புத்தாள் வாங்கிவந்து சக்கரத்து இடுக்கில் கையை விட்டுத் தேய்த்தேன். ஐந்து நாள். விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்து, சாப்பாட்டில் கை வைத்தால் எரிந்தது. தையல்காரர் தினமும் தன் வாசலில் நின்று, அதான் மின்னுதே சார், இன்னும் எதுக்குத் தேய்க்கறீங்க என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பழுப்பு நூல் பேர்வழிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். தேய்க்கத் தேய்க்க அந்தப் பழுப்பு அப்படியே நின்றது. ஆறாம் நாள் எனக்கு ஸ்டோர்ஸ் வழக்கம் ஞாபகம் வந்தது. எங்களிடம் ஒரு சட்டம் உண்டு. எந்த இரும்பு வேலைக்குப் போகாமல் சும்மா கிடக்கிறதோ, அதற்கு மாதக் கடைசியில் ஒரு கை எண்ணெய் தடவ வேண்டும். எண்ணெய் தடவிய இரும்பில் துரு வராது, முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட வந்ததில்லை. தையல் மிஷினுக்குப் போடுகிற நல்ல எண்ணெயாகப் பார்த்து, பஞ்சில் தோய்த்து, இரண்டு டிஸ்க்கிலும் முன்னும் பின்னும் வஞ்சனையில்லாமல் தடவி முடித்தேன். பின் சக்கரங்களில் டிஸ்க் இல்லை, பிரேக்கை டிரம் என்று ஒரு சட்டி போட்டு மூடி வைத்திருக்கிறான். இல்லாவிட்டால் அதையும் விட்டிருக்க மாட்டேன்.

இதை உன் அக்காவிடம் சொல்லவில்லை. நல்ல காரியத்தைத் தம்பட்டம் அடிப்பானேன் என்று விட்டுவிட்டேன். மறுநாள் காலை அவள் காய்கறி வாங்கக் கிளம்பினாள். எங்கள் வாசல் தெருவைப் பார்த்துச் சரிவாக இறங்கும் என்பது உனக்குத் தெரியும், நீயே ஒரு மழைநாளில் அங்கே வழுக்கி விழுந்து எழுந்தவன். வண்டி இறங்கியது. தெரு ஓரத்தில் நிற்க வேண்டியது நிற்கவில்லை. தெருவைக் கடந்தது. ஜன்னலுக்குள் உன் அக்காவின் முகம் தெரிந்தது. அவள் கத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பிரேக்கை இழுத்தபடி நேராகப் போய்க்கொண்டிருந்தாள். முப்பத்தாறு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவளை ஒரு கரண்டி எண்ணெயால் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். இதை நான் உனக்கு எழுதியிருக்கக் கூடாது, எழுதிவிட்டேன், இருக்கட்டும். வண்டி தையல்காரர் வாசலில் கோட்டு மாட்டி நிறுத்தியிருந்த பொம்மையை முட்டி நின்றது. தலையில்லாத அந்தப் பொம்மை கோட்டும் டேப்புமாக வண்டியின் மூக்கில் ஏறி உட்கார்ந்துவிட்டது. உன் அக்கா கீழே இறங்கினாள், முதலில் பொம்மையைத் தூக்கி நேராக நிறுத்தினாள், கோட்டைத் தட்டிவிட்டாள், அப்புறம்தான் என் பக்கம் திரும்பினாள்.

'ஓட்டுங்க சார்' மறுபடி வந்து சக்கரங்களைக் கழற்றிப்போட்டு எண்ணெயில் ஊறிப்போன பேட்களை எடுத்துக் காட்டினார். பத்து வருஷத்தில் அவர் வேறு வார்த்தை பேசி நான் அன்றைக்குத்தான் கேட்டேன். "சார், உலகத்துல எண்ணெய் போடக் கூடாத இடம் ஒண்ணு இருக்குன்னா அது இதுதான் சார்" என்றார். டிஸ்க்கை ஏதோ திரவத்தால் துடைத்து, புது பேட் மாட்டி, பின் சக்கரத்துச் சட்டியில் எண்ணெய் படாததால்தான் வண்டி இந்த அளவுக்காவது நின்றது என்று எனக்குப் பாடம் நடத்தினார். பிறகு உன் அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு தெருவை நாலு சுற்றுச் சுற்றி, பிரேக் அடித்து அடித்துக் காட்டி, வண்டியை என் காலடியில் கொண்டுவந்து நிறுத்தி, இப்போ பாருங்க என்றார். குனிந்து பார்த்தேன். பழுப்பு. அவர் ஒரு வெள்ளைத் துணியை எடுத்து டிஸ்க்கை அழுத்தித் துடைத்து என்னிடம் நீட்டி, இதுல துரு ஏதாவது ஒட்டியிருக்கா சொல்லுங்க என்றார். துணியே பழுப்பாய் இருக்கும்போது துரு ஒட்டியதா இல்லையா என்று எப்படிச் சொல்வது, முதலில் நல்ல வெள்ளைத் துணியாகக் கொண்டுவா அய்யா என்றேன். அவர் உன் அக்காவைப் பார்த்தார். உன் அக்கா அவரைப் பார்த்தாள். இரண்டு பேரும் கூட்டு.

இந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா. எல்லாம் அந்தக் கண் டாக்டர் கிளப்பிவிட்டது. போன மாதம் உன் அக்கா நச்சரித்து என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மாவுக்கு என் தகரப் பெட்டியின் வயசுகூட இருக்காது. விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு கண்ணுலயும் புரை நல்லா முத்தியிருக்கு. முதல்ல வலது கண்ணைப் பண்ணிடலாம். இவ்வளவு நாள் எப்படி சமாளிச்சீங்க?" என்று கேட்டாள். நிறமெல்லாம் சரியாகத் தெரிகிறதா என்று வேறு கேள்வி. இரும்பின் நிறத்தைப் பார்த்தே அதன் வயசைச் சொல்லுகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது. சுவரில் எழுத்து அட்டை ஒன்று தொங்கியது. கீழ் நாலு வரியை அச்சடித்தவன் மையே போடவில்லை, அதைப் படிக்கச் சொல்லி என்னை அரை மணி நேரம் வதைத்தாள். இந்த லட்சணத்தில் வருகிற வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆபரேஷன் என்று நாள் குறித்தாகிவிட்டது. என்னிடம் யாரும் கேட்கவில்லை.

உனக்கு மட்டும் ஒன்று சொல்லுகிறேன், உன் அக்காவிடம் எழுதிவிடாதே. என்னிடம் இருப்பதே இந்தக் கண் ஒன்றுதான். படிப்பு கிடையாது, பட்டம் கிடையாது, பேச்சு சாமர்த்தியம் கிடையாது. ஒரு கம்பியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து இது ஆகும், இது ஆகாது என்று சொல்லுவேன், நாலு பேர் அதற்குக் கட்டுப்படுவார்கள். அப்படித்தான் நான் மனுஷனானேன். அதிலேயே புரை என்று ஒரு சின்னப் பெண் சொன்னால், நான் இத்தனை காலம் சொன்னதற்கெல்லாம் என்ன மதிப்பு. அதனால்தான் சொல்கிறேன், கோளாறு என் கண்ணில் இல்லை, உன் காரில் இருக்கிறது. இதை நிரூபிக்காமல் நான் ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதாக இல்லை.

ஆகவே முறைப்படி நடவடிக்கை எடுத்துவிட்டேன். ஓய்வு பெறும்போது ஞாபகார்த்தமாக ஒரு கட்டுச் சிவப்புச் சீட்டு கொண்டுவந்திருந்தேன். அதில் ஒன்றை எடுத்து, 'பொருள்: கார் ஒன்று. காரணம்: முன் பிரேக் டிஸ்க் இரண்டிலும் துரு. முடிவு: நிராகரிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, உன் ஸ்டியரிங்கில் நூலால் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டியிருக்கிறேன். துருப்பிடித்த பிரேக்கை நம்பி என் பெண்டாட்டியை ஓட்டச்சொல்லி நான் பின்னால் உட்கார்ந்து ஆஸ்பத்திரி போக முடியாது. இதைப் படித்த உடனே நீ லீவு போட்டுவிட்டு வந்து, உன் வண்டியை நீயே எடுத்துக்கொண்டு போய், டிஸ்க்கையெல்லாம் மாற்றி, எனக்குத் திருப்தியாகக் காட்டு. அதுவரை ஆபரேஷன் கிடையாது. உன் அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, யாருக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறீர்கள் என்று கேட்கிறாள். காகிதத்தைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

மற்றபடி உனக்கும் உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசிகள். எல்லாரும் நீண்ட ஆயுளோடு இருங்கள். பிரேக்கைச் சரிபார்க்காமல் எந்த வண்டியிலும் ஏறாதீர்கள்.

இப்படிக்கு,
உன் அக்காவின் கணவன்,
முப்பத்திரண்டு வருஷ ஸ்டோர்ஸ் பொறுப்பாளன்

பின்குறிப்பு: மேலே உள்ளதைத் திங்கட்கிழமை எழுதினேன். வீட்டில் தபால்தலை தீர்ந்துபோனதால் அனுப்பவில்லை. இன்றைக்கு ஞாயிறு. வியாழக்கிழமை காலையில் உன் அக்கா குளித்துக் கிளம்பி, துணி வெட்டுகிற கத்தரியை எடுத்துக்கொண்டு நேராக வண்டிக்குப் போனாள். இத்தனை வருஷத்தில் என் சிவப்புச் சீட்டை ஒருத்தரும் தொட்டதில்லை. சர்ரென்று நூலை வெட்டிச் சீட்டை என் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டு, இஞ்சினைப் போட்டு, பக்கத்துக் கதவைத் திறந்து, "பிரேக் பிடிக்கலேன்னா ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம். ஏறுங்க" என்றாள். அவளைத் தனியாக அந்த வண்டியில் விட எனக்கு மனசு வரவில்லை, அதனால்தான் ஏறினேன். வேறு காரணம் கிடையாது. பிரேக் நன்றாகத்தான் பிடித்தது.

மறுநாள் கண்ணில் போட்டிருந்த கட்டை அவிழ்த்தார்கள். டாக்டரம்மா வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாள். வெள்ளை என்றால் அப்படி ஒரு வெள்ளை, இவ்வளவு வெளுப்பாக எந்த சோப்பில் துவைக்கிறாய் அம்மா என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, எல்லாம் நீங்க போடற சோப்புதான் சார், முத்தின புரை மஞ்சள் கண்ணாடி மாதிரி, இத்தனை வருஷமா அது வழியாத்தான் பார்த்திருக்கீங்க என்றாள். நான் குனிந்து என் சட்டையைப் பார்த்தேன். பொத்தானில் வெள்ளை நூல்.

வீட்டுக்கு வந்ததும் குனியக் கூடாது என்று சொல்லியிருந்ததால், ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய்ச் சக்கரத்துக்கு எதிரே போட்டு உட்கார்ந்தேன். இடது கண்ணால் பார்த்தேன், துரு இருந்தது. அதை மூடிக்கொண்டு வலது கண்ணால் பார்த்தேன், டிஸ்க் வெள்ளி மாதிரி இருந்தது. மாற்றி மாற்றிப் பார்த்தேன். இடதில் இருக்கு, வலதில் இல்லை. இடதில் இருக்கு, வலதில் இல்லை. தையல்காரர் அவர் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார், ஆனா ஒண்ணும் கேட்கலை, நல்ல மனுஷன். மெக்கானிக் சொன்னது சரி, உன் அக்கா சொன்னது சரி. முதல் நாள் வந்த துரு மட்டும் நிஜம், அது அன்னிக்கே போயிடுச்சு. மிச்சமெல்லாம் எனக்குள்ள இருந்தது. நீ லீவு போட வேண்டாம். மேலே ஆறு பக்கம் எழுதினதை நானே நிராகரிச்சுட்டேன். என் சட்டைப் பையில இருந்த அந்தச் சீட்டைத்தான் இதோட நூல் போட்டுக் கட்டியிருக்கேன். காரணம் எழுதுற இடத்தில் அடிச்சுத் திருத்தியிருக்கேன், பார்த்துக்கோ.

ஆனா தம்பி, வெள்ளிக்கிழமையிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. புரை முத்தறதுக்கு எத்தனை வருஷம் ஆகும்னு டாக்டரம்மாகிட்ட கேட்டேன். உங்களுக்கு அஞ்சாறு வருஷமாவது ஆகியிருக்கும்னு சொன்னா. நான் ஓய்வு பெற்று மூணு வருஷம்தான் ஆகுது. விரலை நீட்டிக் காட்டினாரே கம்பிக்காரர், அந்த விரல் சுத்தமாத்தான் இருந்திருக்கும். அப்போ நான் விரலைப் பார்க்கவே இல்லை, இப்போ கண்ணை மூடினா அதுதான் தெரியுது. மூணு லாரி, பதினெட்டு வருஷம்.

இன்னொரு கண்ணு அடுத்த மாசம். அது முடிஞ்சதும் அவரைத் தேடிக்கிட்டுப் போகணும்னு இருக்கேன். பழைய விலாசம் இருக்கு, வண்டியில மூணு மணி நேரம். உன் அக்கா ஓட்டறேன்னு சொல்லிட்டா, அதனால காரை இப்போ திருப்பிக் கேட்காதே. போய் அவர் வாசல்ல நிக்கலாம், கதவைத் தட்டலாம், அவர் வந்து திறந்தா என்ன சொல்றதுன்னுதான் எனக்குத் தெரியலை. உனக்கு ஏதாவது தோணினா உடனே எழுது.